திட்டுறதுக்கு ஒரு தலைவர் வேணும்

வா அப்பு, உக்காரு. திண்ணையில தூசி கெடந்தா துண்டால தட்டிட்டு உக்காரு, கழுவி விட்டு மூணு வாரமாச்சு. தண்ணி குடிக்கிறியான்னு கேக்க மாட்டேன். கேட்டா நீயும் மரியாதைக்குச் சரிம்ப. உள்ள இருக்கவ சொம்பைக் கையில எடுக்கும்போது என்னைய ஒரு பார்வை பாப்பா பாரு, அதுலயே பாதி உசுரு போயிரும். குடம் பதினஞ்சு ரூபா. டிராக்டர்க்காரன் நேத்துத்தான் ஏத்துனான். மோர் வேணா தாரேன். அது மாடு குடிச்ச தண்ணி, வீட்டுக் கணக்குல வராது.

திருப்பூர் வேலையை விட்டுட்டு வந்து அடுத்த எலெக்சன்ல ஊராட்சித் தலைவருக்கு நிக்கப் போறியாம்ல? டீக்கடையில பேசிக்கிட்டாக. அதுவும் தண்ணிப் பிரச்சினையைத் தீக்கிறதுக்காம். கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தங்கச்சி பேரன் இம்புட்டு நல்லவனா வளந்துட்டானே, இனி இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு.

சரி, பெரிய மனுசன்ட்ட நாலு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போவோம்னு வந்திருக்க. எழுவத்தி நாலு வயசுல எனக்கு வேற என்ன வேலை? சொல்றேன், கேட்டுக்க.

நீ நிக்கணும்னா மொதல்ல எலெக்சன்னு ஒண்ணு வரணும். அத மறந்துட்டுப் பேசுற. 2016 அக்டோபர்ல இப்படித்தான், 17-ந் தேதி, 19-ந் தேதின்னு ரெண்டு நாளா ஓட்டுப்பதிவுன்னு சொன்னாக. மனுத்தாக்கல் முடிஞ்சு, ஆட்டுக்கறியும் ஒரு சுத்து ஓடி முடிஞ்சிருச்சு. 4-ந் தேதி ஐகோர்ட்டு, பழங்குடியினர் ஒதுக்கீட்டை ஒழுங்கா செய்யலைன்னு போட்ட வழக்குல எலெக்சனை ரத்துப் பண்ணிருச்சு. கறி போட்டவன் போட்டதுதான், தின்னவன் தின்னதுதான். அந்தக் கறிக்கு ஓட்டுப் போடுறதுக்கு 2019 டிசம்பர் 27, 30 வரைக்கும் உக்காந்திருந்தோம். அதுக்குள்ள போட்டவர்ல ஒருத்தர் காலமாயிட்டார். நன்றிக்கடன் இன்னைக்கும் நெஞ்சுல நிக்குது.

நடுவுல மூணு வருசத்துக்கு மேல தலைவர் கெடையாது, மெம்பர் கெடையாது. அந்த நேரம் பாத்து மழையும் லீவு போட்டுருச்சு. 2016 வடகிழக்குப் பருவமழை வழக்கத்தை விட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10-ந் தேதி, தமிழ்நாட்டுல எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கமே சொல்லிருச்சு. எங்களுக்குக் கொஞ்சம் சந்தோசம் கூட. இம்புட்டு நாளா ராமநாதபுரத்துக்காரன் மட்டும் வச்சிருந்த பட்டத்தைத் தஞ்சாவூர்க்காரனும் வாங்கிட்டானே.

ஆனா ஒண்ணு சொல்றேன் அப்பு. பஞ்சத்தைத் தாங்கிக்கிரலாம், திட்டுறதுக்கு ஆளில்லாத பஞ்சத்தைத் தாங்க முடியாது. தலைவர்னா யாரு? விடிஞ்சதும் வெறுங்குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயி அவர் வாசல்ல நின்னு, அவரு பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துப் பேசலாம். அவரும் வேப்பங்குச்சியக் கடிச்சுக்கிட்டே நின்னு கேட்டுக்குவார். தண்ணி வராது. ஆனா வயித்தெரிச்சல் எறங்கிரும். பொம்பளையாளுக பேசி முடிச்சு, "சரி மச்சான், நாங்க வாரோம், அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க"ன்னுட்டுத் திரும்புவாளுக. தலைவருக்குப் பதிலா தனி அலுவலர்னு உக்கார வச்ச யூனியன் ஆபீசு பிடிஓவை இப்படித் திட்ட முடியுமா? பிடிஓவுக்கு வீடு ராமநாதபுரத்துல. பஸ் சார்ஜு குடுத்துப் போய்த் திட்டுற அளவுக்கு இந்த ஊர்ல எவன் வசதியா இருக்கான்?

இப்பவும் அதே கதைதான். 2025 ஜனவரி 5-ஓட அஞ்சு வருசம் முடிஞ்சிருச்சு. 28 மாவட்டத்துல தலைவரு, மெம்பரு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாக. திரும்பத் தனி அலுவலர். ஒரு ஒன்றியத்துல முப்பது நாப்பது ஊராட்சி இருக்கும். நாப்பது வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளைன்னா எந்த வீட்டுல சாப்புடுவாரு, எந்த வீட்டுல சண்டை போடுவாரு? அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. மெட்ராசுல பெரிய அதிகாரிகளுக்கு யாரு மேலயாவது கோவம் வந்தா என்ன சொல்லுவாக? "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்"பாக. அந்தக் காடு நம்ம ஊருதான்டா. தண்டனைக்கு வந்து சேந்த மனுசன்ட்டப் போயி, எங்களுக்குத் தண்ணி குடுங்கய்யான்னு நிக்கிறோம். அவரே எப்ப மாறுதல் வரும்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கார்.

மழை இல்லையேன்னு சொல்லாத. 2024 நவம்பர் 20-ந் தேதி ராமேசுவரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. நம்ம பக்கமும் நல்ல மழைதான். கம்மாய்க்குத் தண்ணி வந்துச்சா? வரல. ஏன் வரல? வரத்துக்கால் முழுக்க வேலிக்கருவை. அதைத் தாண்டி வந்தா ஒரு ஆட்டுக்கெடை. அதையும் தாண்டி வந்தா, கால்வாய் மேலயே ஒரு வைக்கப்படப்பு. யாரு படப்புன்னு கேக்காத. வைக்கோல்ல பேரா எழுதியிருக்கு?

நம்ம பக்கத்து ராஜசிங்கமங்கலம் கம்மாயை நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைன்னு சொல்லுவாக. ஒரு நாரை ஒரே மூச்சுல பறந்து கடக்க முடியாத அகலம்னு அர்த்தம். இப்ப எந்தக் கம்மாயிலயும் நாரை பறக்கத்தான் செய்யும், எறங்குறதுக்கு எடமில்லாம.

உங்க பூட்டன் காலத்துல ஒவ்வொரு கம்மாய்க்கும் மடையைப் பாக்க ஒரு ஆளு இருந்தாரு. மடைக்குடும்பன்பாக, சில ஊர்ல நீர்பாய்ச்சிம்பாக. எந்த மடையை எப்பத் திறக்கணும், எவன் வயலுக்கு எம்புட்டு நேரம்னு அவரு சொன்னா மறுபேச்சு கெடையாது. சம்பளம் களத்துலதான், அறுத்தடிக்கிற நெல்லுல பங்கு. வயல் காஞ்சா அவரு பங்கும் காஞ்சிரும். அதனால ராத்திரி ரெண்டு மணிக்கும் அரிக்கேன் வெளக்கோட கரையில நடப்பாரு. இன்னைக்குத் தண்ணி வந்தாலும் வராட்டியும் சம்பளம் வாங்குற எவரையாவது ராத்திரி ரெண்டு மணிக்குக் கம்மாய்க்கரையில பாத்திருக்கியா? பாத்திருந்தா அவரு மண்ணு லாரிக்கு வழி காட்டிக்கிட்டு இருந்திருப்பாரு.

அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். மடையைத் திறக்குற அதே கைக்கு ஊர் ஊருணியில மொண்டு குடிக்க உரிமை கெடையாது. அதையும் சேத்துத்தான் சொல்லணும். இப்பவும் முடிஞ்சு போன கதையில்ல அது. 2022 டிசம்பர்ல புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயல்ல, தாழ்த்தப்பட்ட சனங்க குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில என்னத்தைக் கலந்து வச்சாகன்னு நீயும் படிச்சிருப்ப. எதையும் நக்கல் பண்ணித்தான் பேசுவேன் நான். அதுக்கு மட்டும் வாய் வரல.

மோரைக் குடி, ஈ விழுந்துரப் போகுது.

உனக்கு அதிகாரம் வந்தா எல்லாத்தையும் சரி பண்ணிருவேன்னு நெனைக்கிற. அதிகாரம் என்னன்னு கேட்டுக்க. 1993-ல வந்த பஞ்சாயத்துச் சட்டத் திருத்தத்துல, ஊராட்சிக்குன்னு 29 விசயத்தைப் பட்டியல் போட்டிருக்காக. குடிதண்ணி அதுல 11-வது. ஆனா இந்த 29-ஐயும் மாநில அரசு ஊராட்சிக்குக் "குடுக்கணும்"னு எழுதல, "குடுக்கலாம்"னு எழுதியிருக்காக. கல்யாணத்துக்கு வந்தவன்ட்ட "சாப்புடணும்"னு சொல்றதுக்கும் "சாப்புடலாம்"னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? நாம இன்னும் பந்திக்கு வெளியதான் நிக்கிறோம், கையைக் கழுவிட்டு.

பந்தியில எடம் கெடைச்சாலும் பக்கத்து எலைக்காரன் விடணும்ல. ஊராட்சிச் செக்குல தலைவரும் உபதலைவரும் சேந்து கையெழுத்துப் போடணும். தலைவரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குது. உபதலைவரை வார்டு மெம்பருக தேர்ந்தெடுக்குறாக. பெரும்பாலும் தலைவருக்கு நின்னு தோத்தவனோட ஆளாத்தான் இருப்பான். ரெண்டு பேரு கையெழுத்துன்னா களவு போகாதுன்னு எவனோ நல்ல மனசோட எழுதியிருக்கான். ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைன்னா என்ன ஆகும்னு அந்த ஆளு ஊர்ல யாரும் சொல்லிக் குடுக்கல போல.

நம்ம ஊர்லயே நடந்துச்சு. மோட்டார் காயில் கருகிப்போச்சு. சரி பண்ண எட்டாயிரம் ரூபா. தலைவர் கையெழுத்துப் போட்டாச்சு, உபதலைவர் போடல. காரணம் என்னன்னா, மாசிக் களரியில கெடாத்தலையை முன்னாடி யாரு வாங்குறதுன்னு ஒரு சங்கடம். முப்பத்தெட்டு நாளு. ஊருக்கு வெளிய மணல்ல ஊத்துத் தோண்டி, செரட்டையால மொண்டு மொண்டு ஊத்துனாளுக பொம்பளையாளுக. ஒரு குடம் நெறைய ஒரு மணி நேரம். எட்டாயிரம் ரூபா பேங்குல பத்திரமா இருந்துச்சு.

முப்பத்தெட்டாம் நாளு சாயங்காலம் நான் உபதலைவர் வீட்டுக்குப் போனேன். கையெழுத்தைப் பத்தி மூச்சு விடல. வெத்தலை போட்டேன், மாட்டை விசாரிச்சேன். எந்திரிக்கும்போது, "என்னமோ மாப்ளே, தலைவரு சொந்தக் காசுல மோட்டாரைச் சரி பண்றாராம்ல. பெரிய பிளெக்ஸ் ஒண்ணுக்கும் முதுகுளத்தூர்ல சொல்லி விட்டிருக்காராம், பகீரதன் வேசத்துல"ன்னேன். அம்புட்டுத்தான். விடிய ஆறு மணிக்கு உபதலைவர் கையெழுத்துப் போட்ட செக்கு தலைவர் வாசல்ல கெடந்துச்சு. கீழ தேதியும் மேல பிள்ளையார் சுழியும். தலைவருக்கு இன்னைக்கு வரைக்கும் காரணம் தெரியாது. நீயும் சொல்லிராத.

அதனால தண்ணி கொண்டு வர்றதுக்குப் படிச்ச படிப்பு வேணாம் அப்பு. யாரு வீட்டுக் கெடாத்தலை எங்க போச்சுங்கிற ஞாபகம் வேணும்.

அப்புறம் காவிரி. திருச்சிப் பக்கத்துலருந்து நம்ம மாவட்டத்துக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல காவிரித் தண்ணி வருது, இல்லைங்கல. குழாயில பாதி மாவட்டத்தைத் தாண்டி வரணும். கடைசி ஊரு நம்மது. கல்யாண வீட்டுல கடைசிப் பந்தியில உக்காந்தவனுக்குப் பாயசம் எப்படியிருக்கும், வாளியைச் சாய்ச்சுக் காட்டுவான்ல, அப்படி. வரலைன்னா ஊராட்சியில கேட்டா, குடிநீர் வாரியத்துல கேளுங்கம்பாக. வாரியத்துல கேட்டா கரண்டு இல்லம்பாக. கரண்டு ஆபீசுல கேட்டா, உங்க ஊராட்சி பில்லுக் கட்டலையேம்பாக. ஊராட்சியில திரும்பக் கேட்டா, ரெண்டாம் நம்பர் கணக்குல பணம் வரலையேம்பாக. அந்தக் கணக்கு கரண்டுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுறதுக்குன்னே இருக்கிற கணக்கு. ஒரு நாள் நான் இந்த நாலு எடத்துக்கும் போய்ட்டு வந்தேன். நாலு எடத்துலயும் நல்லாத்தான் பேசுனாக. ரெண்டு எடத்துல குடிக்கத் தண்ணி குடுத்தாக, கேன் தண்ணி.

வீட்டுக்கு வீடு குழாய் வந்துச்சே, அதைச் சொல்லு. 2019 ஆகஸ்டு 15-ல டெல்லியில அறிவிச்ச ஜல் ஜீவன் திட்டம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கணக்கு. அந்தா நம்ம வாசல்லயும் நட்டு வச்சிருக்காகள்ல. கொண்டாந்து நட்ட அன்னைக்கு என்னையக் குழாய்க்குப் பக்கத்துல நிக்க வச்சுப் போட்டோ எடுத்தாக. சிரிக்கச் சொன்னாக, சிரிச்சேன். திறந்தா காத்து வந்துச்சு. நல்ல காத்து, சித்திரை வெயிலுக்கு எதமா இருந்துச்சு. இப்ப வெள்ளாட்டைக் கட்டிப் போடுறேன். உறுதியான குழாய், குத்தம் சொல்ல முடியாது.

2017 ஏப்ரல்ல வைகை அணையில தெர்மாகோல் அட்டையை மெதக்க விட்டாரே ஒரு மந்திரி, தண்ணி ஆவியாகக் கூடாதுன்னு. காத்தடிச்சு அம்புட்டும் கரை ஒதுங்கிருச்சு. நாடே சிரிச்சுச்சு, உன் செல்போன்ல கூட படம் வச்சிருந்த. நான் சிரிக்கல. அவரு பாவம், தண்ணி போகுதே, எதையாச்சும் போட்டு மூடுவோம்னு நெனைச்சார். மத்தவுக தண்ணி போனதையே மூடி வச்சிருந்தாக.

நிறைய குத்தம் சொல்லிட்டேன்ல. இனி என் குத்தத்துக்கு வாரேன். அதுக்குத்தான் நீ வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். சட்டைப் பையில மடிச்சு வச்சிருக்கியே காகிதம், அது கொஞ்சம் இருக்கட்டும். அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல தலைவரா இருந்த அந்த அம்மா கதையைச் சொல்லிர்றேன்.

2019 எலெக்சன்ல பாதி எடம் பொம்பளைகளுக்குன்னு வந்து, நம்ம ஊரும் பெண்கள் தொகுதியாயிருச்சு. ஜெயிச்சது அந்த அம்மா, பதவி ஏத்தது அவுக வீட்டுக்காரர். வெள்ளைச் சட்டையும் பையில பச்சை மை பேனாவுமா மொத ஒரு வருசம் அவருதான் தலைவர். யூனியன் ஆபீசுல கூட "வாங்க தலைவரே"ம்பாக. நான் அவருக்குப் பேரு வச்சிருந்தேன், "கையெழுத்து மாப்பிள்ளை". சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ரெண்டாம் வருசம் அவருக்கு வயித்துல ஆப்பரேசன். படுத்துட்டார். வேற வழியில்லாம கிராம சபைக்கு அந்த அம்மாவே வந்தாக. முந்தானையை இழுத்துச் சொருகிட்டு நாக்காலியில உக்காந்தாக. நாங்க ஆம்பளைக எல்லாரும், சரி இன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்னு நெனைச்சோம். அந்த அம்மா டேங்க் ஆபரேட்டரைப் பாத்துக் கேட்டாக: "அண்ணே, காலையில எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுது?" ரெண்டு மணி நேரம்னார். "தொட்டி ரொம்ப எம்புட்டு நேரமாகும்?" ஒண்ணே முக்கால். "அப்ப முப்பதாயிரம் லிட்டர் ஏறுதுல. கீழத்தெருவுக்கு ரெண்டு குடம் வர்றதுக்குள்ள நின்னு போகுது. மிச்சம் எங்க போகுது?"

அம்புட்டு நாளா இத்தனை தலைவரு, இத்தனை மெம்பரு, இத்தனை ஆபீசரு, எவனும் கேக்காத கேள்வி அப்பு. தண்ணி வரலைன்னு கேட்டிருக்கோம். வந்த தண்ணி எங்க போச்சுன்னு கேட்டதில்ல. குடம் சுமந்தவளுக்குத்தானே கணக்குத் தெரியும்?

மறுநாள் விடியக்காலம், தண்ணி திறந்து விட்ட நேரத்துல, அந்த அம்மா பிட்டரைக் கூட்டிக்கிட்டுத் தெருத்தெருவா நடந்தாக. குழாயில மோட்டாரைப் போட்டு உறிஞ்சுன வீடு மூணு. மூணு இணைப்பையும் அங்கயே அறுத்து விட்டாக. ஒண்ணு டீக்கடைக்காரன் வீடு. ஒண்ணு பழைய கவுன்சிலர் வீடு.

ஏன் சிரிக்கிற? ஆமா, மூணாவது இந்த வீடுதான். அரை எச்.பி. மோட்டார், உன் சித்தப்பன் வாங்கிக் குடுத்தது. கட்டிலுக்கு அடியில வச்சு மேல சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு அந்நேரத்துக்கு ரேடியோவுல பக்திப் பாட்டு வைப்பேன். ஊர்ல எனக்கு நல்ல பக்திமான்னு பேரு.

அறுத்துட்டாகன்னதும் எனக்கு வந்த கோவம் இருக்கே. பொம்பளை ராச்சியம் வந்தா இப்படித்தான்னு பேசுனேன். பழைய கவுன்சிலரும் நானும் நாப்பது பேரைச் சேத்துக்கிட்டு, ரோட்டுல காலிக்குடத்தை அடுக்கி மறியல் பண்ணுனோம். "குடிநீர் வழங்காத ஊராட்சியைக் கண்டிக்கிறோம்"னு மொதக் குரல் என்னோடது. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. படத்துல என் கையில இருந்த குடம் மட்டும் நெறைகுடம். வெயில்ல தாகம் எடுக்கும்னு கொண்டு போனேன்.

அன்னைக்குக் கீழத்தெருக்காரக யாரும் மறியலுக்கு வரல. அவுக வீட்டுல தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சு.

கணக்குக் கேக்குறது ஒண்ணும் புதுசில்ல அப்பு. உத்தரமேரூர்ல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி, பராந்தக சோழன் காலத்துல, குடவோலை எலெக்சன் நடத்துனதைக் கல்லுல வெட்டி வச்சிருக்காக. எல்லாரும் மேடையில பெருமை பேசுறதுக்கு அதை எடுப்பாக. என்ன எழுதியிருக்குன்னு சொல்ல மாட்டாக. ஏரியைப் பாத்துக்கிறதுக்குன்னே ஏரி வாரியம், ஆறு பேரு. காலம் 360 நாளு. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. முந்தி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாது. அவன் மட்டுமில்ல, அவனோட மாமன், மச்சான், மருமகன் எவனும் நிக்கக் கூடாது. பிராமணச் சபைதான் அது. உங்க பூட்டனையும் என் பாட்டனையும் குடத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டாக. இருந்தாலும் அந்த மருமகன் வரைக்கும் போன புத்தி இருக்கே, அது எவனோ நல்லா அடிபட்டவன் புத்தி. அந்தச் சட்டத்தை நம்ம ஊருக்குப் போட்டா யாரு மிஞ்சுவா? எனக்கு வயசு 74, நான் அவுட். நீ என் தங்கச்சி பேரன், நீயும் அவுட். எஞ்சுனது பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாவும் கோயில் மாடும்.

சரி, இப்ப அந்தக் காகிதத்தை எடு. தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டு வாங்குனதுதானே? டீக்கடையில அதையும் சொல்லிட்டாக. 2018 ஆகஸ்டு 15 கிராம சபைத் தீர்மானம். "ஊருணியைத் தூர் வாரி ஆழப்படுத்திய பணி திருப்தியாக முடிக்கப்பட்டது." அடியில 112 கையெழுத்து. மொதக் கையெழுத்து, வாலை நீட்டி மயில்தோகை மாதிரி போட்டது, என்னோடது. மறுக்கல.

எப்படின்னு கேளு. நம்ம ஊர் சனத்தொகைக்குக் கிராம சபையில நூறு பேரு இருக்கணும்னு விதி. இருந்தது பதினெட்டுப் பேரு. நூறு நாள் வேலைக்காரக நாப்பது பேரைக் கொண்டாந்து உக்கார வச்சாக. மிச்சத்துக்கு நோட்டு வீடு வீடா நடந்து வந்துச்சு. இந்தத் திண்ணைக்கும் வந்துச்சு. ஒரு டீ, ரெண்டு உளுந்தவடை. "பெரியவரே, ஊர்ல மொதக் கையெழுத்து உங்களோடதாத்தான் இருக்கணும்"னாக. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பக்கம் வெறும் பக்கமாத்தான் இருந்துச்சு. அப்புறமா எழுதிக்கிறோம்னாக. கண்ணாடி வேற கையில இல்ல. வெறும் பக்கம் வெறும் பக்கந்தான்னு பாக்குறதுக்குக் கண்ணாடி எதுக்குன்னு நீ கேப்ப. கேளு. பதில் இல்ல.

ஊருணியில ஒரு கூடை மண்ணு எடுக்கலடா. மேல கெடந்த பிளாஸ்டிக்கைப் பொறக்குனாக, ரெண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டாக. வடை நல்லா இருந்துச்சு.

அதனால இந்த எலெக்சன், நாமினேசன் எல்லாம் அது வரும்போது பாத்துக்கலாம். வராமயே கூடப் போகட்டும். வருசத்துல ஆறு நாளு கிராம சபை இருக்கு, தலைவர் இருந்தாலும் இல்லாட்டியும். நீ திருப்பூர்ல இருந்தப்ப எத்தனைக்கு வந்த? மே 1-க்குக் கம்பெனி லீவுதானே, அதுக்காச்சும் வந்தியா? இல்ல. உன்னைய மட்டும் சொல்லல, நானே திண்ணையில உக்காந்துதான் கலந்துக்கிட்டேன்.

வர்ற மே 1, காலையில பதினோரு மணி, பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடி. தனி அலுவலர் வருவாரோ, அவுக ஆளு வருவாகளோ, யாரோ ஒருத்தர் நோட்டைக் கொண்டாருவாக. அந்த அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. பதவி போயிட்டதால வர மாட்டேன்பாக, நான் கேட்டேன்னு சொன்னா இன்னும் வர மாட்டாக. அதனால என் பேரைச் சொல்லாத. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு அவுகளையே திரும்பக் கேக்கச் சொல்லு. கட்டிலுக்கு அடியில இப்ப ஒண்ணுமில்ல, வேணும்னா குனிஞ்சு பாத்துக்க.

தீர்மானத்தை எழுதி, சத்தமா வாசிச்சு முடிச்ச பெறகு, அந்தக் கடைசி வரிக்கு அடியில ஒட்டித்தான் மொதக் கையெழுத்து. நடுவுல ஒரு விரக்கடை எடம் விடக் கூடாது.

இந்தா, இதைப் பிடி. கண்ணாடிக்கு ஒரு காது ஒடைஞ்சு ஆறேழு வருசமா பரண்ல கெடக்கு. நாளைக்கு முதுகுளத்தூர் போறேன்னியே, ஒட்டிக் கொண்டாந்துரு. மே 1-க்குள்ள வேணும்.